வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல!

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிணற்றுப் பாசனத்தில் தக்காளியும் வெண்டையும் போடும் சிறு விவசாயக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு முருங்கையும் இரண்டு செம்பருத்திச் செடிகளும் இருக்கின்றன. மழை ஓய்ந்த ஒரு காலையில் கறிவேப்பிலை பறிக்கப் போன மருமகள், கிளையைப் பிடித்த வேகத்தில் கையை உதறிவிட்டார். இளந்தண்டு நெடுக வெள்ளைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டவைத்தாற்போல் ஏதோ இருந்தது.

"மாவுப்பூச்சிதான். தக்காளிக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்கு. அதையே கலந்து அடிச்சிரலாம்" என்று கணவர் கைத்தெளிப்பானை எடுத்தார்.

"இருப்பா. நாளைக்குக் குழம்புக்கு அதுலதானே பறிக்கணும்? போன தடவை செம்பருத்திக்கு அடிச்சியே, அப்புறம் ரெண்டு மடங்கா வந்துச்சே, மறந்துட்டியா?" என்று தடுத்தார் மாமியார். "நீ போய் ஆபீஸ்ல காட்டிட்டு வாம்மா" என்று மருமகளை அனுப்பினார்.

ஒரு கிளையை ஒடித்து, பாலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனார் மருமகள். அங்கே பையைப் பிரித்தால் கிளையில் வெள்ளைப் பொடியும் இரண்டு மூன்று காய்ந்த தோலும்தான் மிச்சம்.

"ஒடிக்கும்போதே பாதி தாவிப் போயிருச்சு சார். மீதி பையைத் திறக்கும்போது போயிருச்சு."

"தாவிச்சா? அப்போ இது மாவுப்பூச்சி இல்லைம்மா. மாவுப்பூச்சிக்குத் தாவத் தெரியாது" என்றார் அலுவலர்.

இந்த ஒரு பதிலில் ஒரு தெளிப்பு மிச்சமானது. பூச்சியின் நிறத்தைப் பார்த்து மருந்தை முடிவு செய்வதுதான் நம் தோட்டங்களில் நடக்கும் பெரிய தவறு. நிறத்தைவிட நடத்தை உறுதியான அடையாளம். தொட்டால் அது என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

தாவுகிற வெள்ளைப் பஞ்சு எது?

அந்தக் கறிவேப்பிலைக் கிளையில் இருந்தவை செடித் தத்துப்பூச்சியின் இளங்குஞ்சுகள். 'தத்துப்பூச்சி' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு கூட்டம் உண்டு. வெண்டை, கத்தரி இலைகளின் அடியில் இருக்கும் பச்சைத் தத்துப்பூச்சி ஒரு கூட்டம். இதை இலைத் தத்துப்பூச்சி என்பார்கள். நெல்லைக் கருக்கும் புகையான், கரும்பில் வரும் பைரில்லா, தோட்டத்துத் தண்டுகளில் வரும் இந்தப் பஞ்சுப் பூச்சி மூன்றும் செடித் தத்துப்பூச்சிக் கூட்டம். மூன்றும் தூரத்து உறவு. ஆனால் செய்யும் சேதம் ஒன்றல்ல.

வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல் புழு, கூட்டுப்புழு என்ற பருவங்கள் இவற்றுக்கு இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, உருவத்தில் தாயைப் போலவே இருக்கும். இறக்கை மட்டும் இருக்காது. ஐந்து பருவங்களாகத் தோலுரித்து வளரும். கடைசிப் பருவங்களில் முதுகின் இரு பக்கமும் சின்ன மடல்கள் தெரியும். அவைதான் இறக்கை முளைகள். கடைசியாகத் தோலுரித்ததும் முழு இறக்கையோடு வெளியே வரும். உரித்த வெள்ளைத் தோல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், பூச்சி போன பிறகும் 'இன்னும் இருக்கிறதே' என்று மருந்தடிப்பவர்கள் உண்டு.

வளர்ந்த பூச்சியைப் பார்த்தால் யாரும் இதன் குஞ்சு அது என்று சொல்லமாட்டார்கள். தோட்டத்தில் அதிகம் காணப்படும் வகையில் தாய்ப்பூச்சி வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருக்கும். அகன்ற இறக்கைகளைக் கூரைபோல் மடித்து, பக்கவாட்டில் தட்டையாக, தண்டில் முளைத்த சின்ன இலைபோல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பலர் இதை அந்துப்பூச்சி என்று நினைப்பார்கள். கிளையை ஆட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் தெறித்துப் பறக்கும்.

பஞ்சு எதற்கு?

அந்தப் பஞ்சு, பூச்சியின் உடலிலிருந்து சுரக்கும் மெழுகு. வெயிலில் உடல் ஈரம் வற்றாமல் காக்கிறது. மழைத்துளி ஒட்டாமல் உருட்டிவிடுகிறது. தான் கழிக்கும் இனிப்புப் பிசினில் தானே ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. பிடிக்க வரும் எதிரியின் வாயில் பஞ்சு மட்டும் சிக்கும்; குஞ்சு தப்பிவிடும்.

மெழுகு பூசிய உடல்மேல் வெறும் தண்ணீரில் கலந்த மருந்தும் ஒட்டாமல் வழிந்துவிடும். 'அடிச்சும் சாகலை' என்று மேலும் கடுமையான மருந்தைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல வகைகளில் பின்முனையில் மெழுகு இழைகள் விசிறிபோலவோ வால்போலவோ நீண்டிருக்கும். எருக்கு, வேம்பு போன்றவற்றில் வரும் சில வகைகளின் வால் பக்கத்தில் இரண்டு இழைகள் கொம்புபோல் நிற்கும். வால் எது, தலை எது என்று எதிரிக்குக் குழப்பம் வரட்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

இவற்றின் தாவலும் சாதாரணமானதல்ல. ஐரோப்பியத் தோட்டங்களில் உள்ள இசஸ் என்ற தத்துப்பூச்சியின் குஞ்சுக்கு, இரண்டு பின்னங்கால்களும் உடலோடு சேரும் இடத்தில் கடிகாரப் பல்சக்கரம்போல் பற்கள் இருப்பதை 2013-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஒரு காலில் 10 முதல் 12 பற்கள். ஒன்றோடொன்று பொருந்தி இரு காலையும் ஒரே நொடியில் உதைக்கவைக்கின்றன. வளர்ந்த பூச்சியானதும் அந்தப் பற்கள் மறைந்துவிடுகின்றன. விவசாயிக்கு இதில் பாடம் ஒன்றுதான்: தாவுவது இவற்றின் பிறவிக் குணம். அதைக்கொண்டே அடையாளம் காணலாம்.

குச்சி சோதனை

காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். கிளையைப் பிடிக்காமல், ஒரு ஈர்க்குச்சியால் பூச்சியின் பின்பக்கத்தை மெதுவாகத் தொடுங்கள்.

1. 'டக்'கென்று தெறித்தால் செடித் தத்துப்பூச்சியின் குஞ்சு. தாவுவதற்கு முன் தண்டைச் சுற்றி மறுபக்கம் நழுவி ஒளிந்துகொள்ளவும் செய்யும்.

2. மெதுவாக ஊர்ந்தால் அல்லது இருந்த இடத்திலேயே இருந்தால் மாவுப்பூச்சி. மாவில் புரட்டிய அரிசிபோல நீள்வட்டமாக இருக்கும். இலைக்காம்பின் இடுக்கிலும் நுனிக்குருத்திலும் கும்பலாக அடையும். பஞ்சுப் பைக்குள் முட்டைகள் இருக்கும். எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நுனி சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

3. வேகமாக ஓடினால் கையை எடுத்துவிடுங்கள். அது நம் நண்பன். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். ஆனால் அதைவிடப் பெரியது, மெழுகு இழைகள் நீண்டு சடைசடையாகத் தொங்கும். தாய்வண்டு கறுப்பாக, தலைப்பக்கம் செம்மஞ்சளாக இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த வண்டு, இன்றும் நம் தோட்டங்களில் வேலை செய்கிறது.

4. குப்பை நடந்து போவதுபோல் இருந்தால் அதுவும் நண்பன்தான். கண்ணாடி இறக்கைப் பூச்சி வகைகள் சிலவற்றின் புழு, தான் தின்ற பூச்சிகளின் தோலையும் பஞ்சையும் முதுகில் சுமந்துகொண்டு திரியும்.

5. இலையின் அடியில் தட்டையாக ஒட்டி, அசையவே இல்லை என்றால் சுருள் வெள்ளை ஈயின் குஞ்சு. முட்டைகள் சுருள்கோலம் போட்டதுபோல் இருக்கும். தென்னையில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, கொய்யா, வாழை என்று பல செடிகளுக்கும் வந்துவிட்டது.

6. கறிவேப்பிலைக் கொழுந்தில் மட்டும் மிகச் சிறிய மஞ்சள் குஞ்சுகள், அவற்றின் பின்னால் வெள்ளை நூல்போல் சுருண்ட கழிவு இருந்தால் அது சில்லிட். கொழுந்து சுருண்டு வளர்ச்சி நிற்கும். இதன் குஞ்சு தாவாது. வளர்ந்த பூச்சி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். எலுமிச்சைக் குடும்பத்தில் பசுமையாதல் நோயைப் பரப்புவதும் இதே பூச்சிதான். ஆகவே பக்கத்தில் எலுமிச்சை, நார்த்தை இருந்தால் இதைச் சும்மா விடக்கூடாது.

7. இலையடியில் பஞ்சே இல்லாத பச்சைக் குஞ்சு, நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தால் பச்சைத் தத்துப்பூச்சி. வெண்டை, கத்தரி, பருத்தியில் இலை ஓரம் மஞ்சளாகிக் கப்பல்போல் வளைந்தால் இதன் வேலை.

கிராமத்துக் குடும்பம் செம்பருத்தியில் முன்பு செய்த தவறு இந்தப் பட்டியலைக் கேட்டபோதுதான் புரிந்தது. "அப்போ பெருசு பெருசா, சடை வெச்ச மாதிரி வெள்ளைப் பூச்சி ஓடுச்சு சார். அதைப் பார்த்துத்தான் பயந்து அடிச்சாரு" என்றார் மருமகள். ஓடியது பொறிவண்டின் புழு. மருந்து அதைக் கொன்றது. பஞ்சுப் பைக்குள் இருந்த மாவுப்பூச்சி முட்டைகள் தப்பின. தின்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் மாவுப்பூச்சி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மாமியார் சொன்னது சரிதான்.

நண்பர்களின் பலம் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பல பயிர்களை அழித்தது. அடித்த மருந்துகள் நிலையான பலன் தரவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோபேகஸ் என்ற சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

தோட்டத்தில் இதனால் எவ்வளவு சேதம்?

செடித் தத்துப்பூச்சியின் குஞ்சும் தாயும் ஊசிபோன்ற வாயால் தண்டின் சாற்றை உறிஞ்சும். இலையைக் கடிக்காது, பழத்தைத் துளைக்காது. இனிப்புக் கழிவு கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும்; இலை கரி பூசினாற்போல் ஆகும். தாய்ப்பூச்சி முட்டை வைக்க இளங்கிளையைக் கீறுவதால் சில நுனிகள் காயலாம். வீட்டுத் தோட்டத்தில் நன்கு வளர்ந்த மரத்துக்கு இதற்குமேல் பெரிய ஆபத்து இல்லை. நாற்று, புதிதாக நட்ட ஒட்டுக்கன்று, தொட்டிச்செடி இவற்றில் கூட்டம் அதிகமானால் மட்டும் கவனம் தேவை.

சிலந்தி, பொறிவண்டு, கும்பிடுபூச்சி, ஓணான், தேன்சிட்டு, தையல்சிட்டு எல்லாம் இந்தக் குஞ்சுகளைப் பிடிக்கும். ஒட்டுண்ணிகளும் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் கூட்டம் தானாகக் கலைந்துவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீர். குழாயில் விரலை வைத்து அழுத்திப் பீய்ச்சுங்கள். மெழுகும் குஞ்சும் சேர்ந்து கழுவப்படும். மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது கவாத்து. நெருக்கமான, நிழல் விழுந்த கிளைகளில்தான் கூட்டம் சேரும். முட்டைக் கீறல் உள்ள நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். காற்றும் வெயிலும் உள்ளே போகட்டும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சிய பசுங்கொழுந்து சாறுறிஞ்சிகளுக்கு விருந்து.

மூன்றாவது, கூட்டம் குறையவில்லை என்றால் வேப்பங்கொட்டைச் சாறு. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசலைச் சேர்த்தால்தான் மெழுகின்மேல் ஒட்டும். மாலையில், தண்டும் இலையடியும் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகுகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். மாவுப்பூச்சி என்று உறுதியானால், மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அடிக்கலாம். எறும்புப் புற்றையும் கவனியுங்கள்.

தக்காளிக்கும் பருத்திக்கும் வாங்கிய மருந்தின் மிச்சத்தைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் அடிக்கவே வேண்டாம். தக்காளிப் பழத்துக்கு மருந்தின் லேபிளில் காத்திருப்பு நாள் எழுதியிருக்கும். அந்தப் பயிருக்கென்று சோதித்துச் சொன்ன நாள் அது. கறிவேப்பிலையை நாம் மருந்தடித்த மறுநாளே பறித்து, கையால் உருவி, எண்ணெயில் போடுகிறோம். குழந்தைக்கு ஊட்டும் ரசத்திலும் அதுதான் கிடக்கிறது.

வயலில் கதை வேறு

தோட்டத்தில் பொறுமை காட்டலாம். நெல்லில் இதே கூட்டத்துக் குஞ்சைக் கண்டால் எண்ண வேண்டும். புகையானின் குஞ்சு பொரித்தவுடன் வெள்ளையாகவும், வளர வளரப் பழுப்பாகவும் இருக்கும். இலையில் தேடினால் கிடைக்காது. பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரைப் பாருங்கள்; தட்டினால் தண்ணீரில் விழுந்து நீந்தும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடியுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். நடும்போதே 2.5 மீட்டருக்கு ஒரு 30 சென்டிமீட்டர் பட்டம் விட்டால் வெளிச்சமும் காற்றும் தூர்வரை இறங்கும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தொடாதீர்கள். அவை சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்று, புகையானை மறுபடி பெருக்கிவிடும். இதே காரணத்துக்காகத்தான் இந்தோனேசிய அரசு 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது.

கரும்பில் பைரில்லாவின் குஞ்சுக்குப் பின்னால் இறகுபோல் இரண்டு வால் இருக்கும். அதன் முதுகில் வெள்ளைப் பஞ்சுருண்டை ஒட்டியிருந்தால் மருந்து அடிக்காதீர்கள். அது எபிரிகானியா என்ற ஒட்டுண்ணி அந்துப்பூச்சியின் புழு. பைரில்லாவின் மேலேயே சவாரி செய்து அதைத் தின்றுகொண்டிருக்கிறது. இலையில் உள்ள அதன் வெள்ளைக் கூடுகளை இலையோடு நறுக்கி, ஒட்டுண்ணி இல்லாத வயலில் கட்டிவிடலாம்.

வாசகர் கேள்வி – பதில்

மாடித்தோட்டத்துச் செம்பருத்தியில் தாவும் வெள்ளைப் பூச்சி இருக்கிறது. பிள்ளைகள் மேல் விழுந்தால் கடிக்குமா?

கடிக்காது, கொட்டாது. அதன் வாய் செடியின் சாற்றுக்கானது. மேலே ஒட்டும் வெள்ளைப் பொடி மெழுகுதான். கை கழுவினால் போய்விடும்.

பஞ்சு ஒட்டிய கிளையிலிருந்து கறிவேப்பிலை பறித்துச் சமைக்கலாமா?

மருந்து எதுவும் அடிக்காதிருந்தால் தாராளமாகச் சமைக்கலாம். உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். கரும்பூசணம் படர்ந்த இலைகளைத் தள்ளிவிடுங்கள்.

பூச்சியை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பாதி வழியில் தப்பிவிடுகிறது. என்ன செய்வது?

செடியில் இருக்கும்போதே, கிளையைத் தொடாமல் செல்போனில் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று படம் எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். குச்சியால் தொட்டபோது தாவியதா, ஊர்ந்ததா, ஓடியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். படத்தைவிட அந்தத் தகவல் அதிகம் உதவும். மாதிரி வேண்டுமென்றால், அகன்ற வாய் பாட்டிலைப் பூச்சியின்மேல் கவிழ்த்துத் தட்டி, மூடியபின் சில துளி கை சானிடைசர் விடுங்கள். போனில் கேட்க, கிசான் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

கறிவேப்பிலை மரம் என்ன ஆயிற்று? கைத்தெளிப்பானைக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சினார் கணவர். அடுத்த சில நாட்களில் கூட்டம் குறைந்தது. மிஞ்சிய நாலைந்து குஞ்சுகளைத் தினமும் காலையில் ஒரு தையல்சிட்டு வந்து பொறுக்கிக்கொண்டிருந்தது. செம்பருத்தியில் மறுபடியும் வெள்ளை தெரிந்தபோது, மருமகள் தெளிப்பானைத் தேடவில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு போனார். தொட்டார். ஓடியது.

"அத்தை, இது நம்மாளு" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.